எழுதியவர் கையொப்பம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நகரப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் ஒருவர் கோட்டைவாசலை நிமிர்ந்து பார்க்கும் முன்பே வெளிநாட்டுக் கல்வி விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிடுகிறார். லண்டன், டொரன்டோ, மெல்போர்ன், டப்ளின் என்று ஊர்ப்பெயர்கள். அவற்றின் கீழே ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி, கல்லூரித் தேர்வு, கல்விக் கடன், விசா என்று செய்துதரப்படும் உதவிகளின் பட்டியல். அந்தப் பட்டியலின் நடுவில் பல விளம்பரங்களில் 'எஸ்.ஓ.பி.' என்ற மூன்றெழுத்தும் இருக்கிறது. மற்ற உதவிகளைப் பற்றி எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. இந்த மூன்றெழுத்துதான் உறுத்துகிறது.

எஸ்.ஓ.பி. என்பது மாணவர் தன்னைப் பற்றித் தானே எழுதி விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய கட்டுரை. வணிக மேலாண்மைக் கல்லூரிகள் இதையே துருவித் துருவிக் கேட்கின்றன. எம்.பி.ஏ. படிக்க ஏன் விரும்புகிறீர்கள்? பிறரை முன்னின்று நடத்திய அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள். தோற்றுப்போன முயற்சி ஒன்றைச் சொல்லுங்கள், அதில் என்ன கற்றீர்கள்? மதிப்பெண் பட்டியலும் ஜிமேட் தேர்வும் ஆளை எண்ணாக்கித் தந்துவிடுகின்றன. அந்த எண்ணுக்குப் பின்னால் நிற்கும் மனிதர் யார் என்று அறிய, நேர்முகத்துக்கு முன்னால் கல்லூரியிடம் இருப்பது இந்தச் சில நூறு சொற்கள்தான். அவற்றையும் வேறொருவர் எழுதித் தந்தால், அல்லது வேறொருவருடைய கட்டுரையிலிருந்து எடுத்து ஒட்டினால், அந்த விண்ணப்பத்தில் விண்ணப்பித்தவர் இல்லை.

இதை ஏதோ நாலு பேர் செய்யும் தவறு என்று ஒதுக்க முடியாத நிலைக்குக் கேரளம் வந்திருக்கிறது. எஸ். இருதய ராஜன் தலைமையில் 2023-இல் நடந்த கேரளக் குடிபெயர்வு ஆய்வு சொல்லும் கணக்கு இது: 2018-இல் வெளிநாடுகளில் இருந்த கேரள மாணவர்கள் ஏறத்தாழ 1.3 லட்சம், ஐந்தே ஆண்டுகளில் அது 2.5 லட்சமாகிவிட்டது. வெளிநாட்டில் வாழும் கேரளத்தவரில் நூற்றுக்குப் பதினொரு பேர் மாணவர்கள். பழைய தலைமுறை வளைகுடாவுக்குப் போனபோது அவர்களிடம் யாரும் கட்டுரை கேட்கவில்லை; தொழில் தெரியுமா என்று கேட்டார்கள். இன்று போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு கட்டுரையையாவது கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

அந்தக் கட்டுரை எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, தங்களுக்கு மாணவர்களைச் சேர்த்துத் தரும் முகவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கின்றன. மாணவர் சேர்ந்தால்தான் வருமானம். ஆகவே ஒரு பருவத்துக்குள் எத்தனை விண்ணப்பங்களை முடித்து அனுப்ப முடியும் என்பதே முகவரின் கவலை. மாணவரை உட்கார வைத்துப் பேசி, அவர் வாழ்வில் என்ன நடந்தது என்று கேட்டு, அவரையே எழுத வைத்து, திருத்தி, மறுபடி எழுத வைக்க வாரக்கணக்கில் ஆகும். சென்ற வருடம் சேர்ந்தவரின் கட்டுரையில் பெயரையும் கல்லூரியையும் மாற்ற ஒரு பிற்பகல் போதும். முதல்தர வணிகப் பள்ளிகள் இப்படிக் கமிஷன் கொடுப்பதில்லை. அங்கே வழி வேறு: விண்ணப்பதாரரே ஆலோசகருக்குப் பணம் கொடுக்கிறார். நேர்மையான ஆலோசகர் கேள்வி கேட்டு எழுத வைக்கிறார். மற்றவர் எழுதியே கொடுத்துவிடுகிறார். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், 'உதவி'.

பணம் கொடுக்க வழியில்லாதவர்களுக்கு இணையத்தில் 'வெற்றி பெற்ற கட்டுரைகள்' தொகுதி தொகுதியாகக் கிடைக்கின்றன. ஹார்வர்டில் இடம் கிடைத்த கட்டுரை, வார்ட்டனில் இடம் கிடைத்த கட்டுரை என்று. முதலில் மாதிரிக்காக வாசிக்கிறோம். ஒரு வாக்கியம் பிடித்துப்போகிறது, எடுத்து வைத்துக்கொள்கிறோம். பிறகு ஒரு பத்தி. கடைசியில் நம்முடையது என்று மிஞ்சுவது ஊர்ப்பெயர் மட்டும்.

2007-இல் பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸ், ஐம்பதாயிரம் விண்ணப்பக் கட்டுரைகளைக் கணினியில் இட்டு ஒப்பிட்டுப் பார்த்தது. அவற்றை எழுதியவர்களில் 234 பேர், எட்டு வயதில் தங்கள் இரவு உடையில் தீப்பட்டு ஓட்டை விழுந்த கதையைச் சொல்லி, அதிலிருந்துதான் அறிவியல் ஆர்வம் பிறந்தது என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரிக் கட்டுரையிலிருந்து வந்தவை. அந்தச் செய்தியைப் பலர் வேடிக்கையாக வாசித்தார்கள். எனக்கு அது துயரமான செய்தி. மருத்துவராகவோ விஞ்ஞானியாகவோ ஆக விரும்பிய 234 இளைஞர்களுக்கு, தங்கள் எட்டாவது வயதில் சொல்லத்தக்கது எதுவும் நடக்கவில்லை என்று தோன்றியிருக்கிறது.

வணிகப் பள்ளிகளுக்கு இந்த அதிர்ச்சி சற்றுப் பின்னால் வந்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்மீல் கல்லூரி 2010-இல் எம்.பி.ஏ. விண்ணப்பதாரர்களிடம், கொள்கைப் பற்றுள்ள தலைமை என்பது குறித்து எழுதச் சொன்னது. சோதித்தபோது 29 கட்டுரைகளில் காப்பியடித்த பகுதிகள் இருந்தன. நேர்மையாக வழிநடத்துவது எப்படி என்ற கேள்விக்கே திருடிய விடை. 2012-இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஆண்டர்சன் மேலாண்மைப் பள்ளி, இதே காரணத்துக்காக 52 பேரை நிராகரித்ததாக அறிவித்தது. இரண்டு இடத்திலும் பிடித்துக் கொடுத்தது டர்னிட்டின் என்ற மென்பொருள். வரும் கட்டுரையை இணையத்தோடும் பழைய கட்டுரைகளின் கிடங்கோடும் சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்ப்பது அதன் வேலை. முன்பும் இது நடந்துகொண்டிருந்திருக்கும். அன்று பார்க்கக் கண் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கண்ணும் இன்று பாதி மங்கிவிட்டது. 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வெளியானபின் யாருடைய கட்டுரையையும் எடுத்து ஒட்ட வேண்டிய தேவை போய்விட்டது. கேட்டால் புதிதாகவே எழுதித் தருகிறது. எங்கும் இல்லாத வாக்கியம் எதோடும் பொருந்தாது. அமெரிக்கக் கல்லூரிகளின் பொது விண்ணப்ப அமைப்பு 2023-இல், செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தன் எழுத்தாகக் கொடுப்பதை மோசடி என்று விதியில் சேர்த்தது. சேர்த்தால் போதுமா, கண்டுபிடிப்பது எப்படி? சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கண்டறியும் கருவி, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளை எடுத்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் டோஃபெல் தேர்வில் எழுதிய 91 கட்டுரைகளை அவற்றில் இட்டார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியவை என்று கருவிகள் சொல்லிவிட்டன. எளிய சொற்கள், குட்டை வாக்கியங்கள்: அதுதான் குற்றம். கரமனையிலோ நாகர்கோவிலிலோ அரசுப் பள்ளியில் படித்து, திக்கித் திணறித் தன் சொந்த ஆங்கிலத்தில் உண்மையை எழுதுகிற பெண்ணைச் சந்தேகிக்கவும், காசு கொடுத்துப் பளபளப்பாக எழுதி வாங்கியவரை விட்டுவிடவும் வாய்ப்புள்ள ஒரு காவலைத்தான் நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். இது என்னை மிகவும் வருத்துகிறது. திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு, திருடாதவர் மேல் விழுகிறது.

இதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. எல்லோரும் செய்வதுதானே, அந்தக் கட்டுரையை யார் வாசிக்கிறார்கள் என்பார்கள். வாசிக்கிறார்கள். ஒரு வகுப்புக்கு இத்தனை இடம் என்று எண்ணி வைத்திருக்கும்போது, வாங்கிய கட்டுரையோடு உள்ளே போகும் ஒவ்வொருவரும் எழுதிய கட்டுரையோடு நின்ற ஒருவரை வெளியே தள்ளுகிறார். தள்ளப்பட்டவருக்கு அது தெரியவே தெரியாது. தன் வாழ்க்கைதான் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். உள்ளே போனவரும் தப்பவில்லை. விண்ணப்பத்தின் அடியில், 'இதில் உள்ளவை அனைத்தும் என்னுடையவை, உண்மையானவை' என்று ஒப்புக்கொண்ட கையெழுத்து அவருடையது, முகவருடையது அல்ல. 2023-இல் கனடாவில் நூற்றுக்கணக்கான இந்திய மாணவர்கள், முகவர் தந்த சேர்க்கைக் கடிதம் போலி என்று தெரிய வந்து நாடு கடத்தப்படும் நிலையில் நின்றபோது நாம் பார்த்தோம். ஏமாற்றப்பட்டவர்களும் தெரிந்தே உடன்பட்டவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். வீட்டையும் நிலத்தையும் அடகு வைத்த பெற்றோர் ஊரில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார்கள்.

வணிகப் படிப்பில் இது இன்னும் கனமானது என்று நினைக்கிறேன். மேலாளராகப் போகிறவர் தம் வாழ்நாளெல்லாம் ஆவணங்களில் கையெழுத்துப் போடப்போகிறார். அவர் எழுதிய எண்ணை நம்பி முகம் தெரியாத மனிதர்கள் பணம் போடுவார்கள். 2009 ஜனவரி 7-இல் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் நினைவிருக்கும்: 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் கணக்கில்தான் இருக்கின்றன, உண்மையில் இல்லை என்று. அவர் அமெரிக்காவில் எம்.பி.ஏ. படித்தவர். அவருடைய விண்ணப்பக் கட்டுரைக்கும் இதற்கும் தொடர்பு கற்பிக்க நான் வரவில்லை. இல்லாததை இருப்பதாகக் காகிதத்தில் எழுதி, அடியில் பெயரைப் போடும் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்பதே என் கேள்வி. முதல் தடவை அது யாருக்கும் கேடில்லாததாகத்தான் தோன்றும். வாழாத ஒரு தோல்வியை எழுதி, கற்காத ஒரு பாடத்தைக் கற்றதாகச் சொல்வது அப்படிப்பட்ட முதல் தடவை.

ஆனால் இருபத்து மூன்று வயதில் ஒருவர் திடீரென்று இதைத் தொடங்கிவிடுவதில்லை. நாம் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கி வைக்கிறோம். 'என் இலட்சியம்' என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். உண்மையில் ஒரு குழந்தை எழுதும் முதல் எஸ்.ஓ.பி. அதுதான். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார், அல்லது கைடு இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் டாக்டராகி ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்க்க விரும்புவதாக நாற்பது நோட்டிலும் ஒரே வாக்கியத்தில் எழுதுகிறார்கள். பேருந்து ஓட்டுநராக வேண்டும் என்று எழுதுகிற பையனுக்கு மதிப்பெண் குறைகிறது, அல்லது வீட்டில் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளை தெளிவாகக் கற்றுக்கொள்கிறது: நீ யார், உனக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்குச் சரியான விடை வெளியே எங்கோ அச்சாகி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துப் பார்த்து எழுதுவதே திறமை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இதில் வேறுபாடு இல்லை. பன்னிரண்டு ஆண்டு அப்படிப் பழக்கிய ஒருவரிடம், ஒரு நாள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்கிறது. அவர் கைடைத் தேடுகிறார். அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வருவதில்லை.

மேலே இருப்பவர்கள் காட்டும் வழியும் அப்படித்தான். குமாவூன் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த இயற்பியலாளர் ஒருவருடைய ஆய்வுக் கட்டுரை, ஸ்டான்ஃபோர்டின் ரெனாட்டா காலோஷ் எழுதிய கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது என்று 2002-இல் புகார் எழுந்தது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். மறு ஆண்டு அவர் பதவி விலக நேர்ந்தது. திருவனந்தபுரத்தில் 2023 ஜனவரியில் ஒரு விவாதம் சூடு பிடித்தது. அப்போதைய மாநில இளைஞர் ஆணையத் தலைவர் கேரளப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வேட்டில், சங்ஙம்புழையின் புகழ்பெற்ற 'வாழக்குலை' கவிதை வைலோப்பிள்ளியின் பெயரில் குறிப்பிடப்பட்டிருந்தது. கவனப்பிழை, திருத்திக்கொள்வேன் என்று அவர் விளக்கினார். பிழை யாருக்கும் நேரும். ஆனால் மலையாளம் படித்த பள்ளிப் பிள்ளைக்கும் தெரியக்கூடிய அந்தப் பிழை நெறியாளர், தேர்வாளர்கள் என்று எத்தனையோ கண்களைத் தாண்டி வந்திருக்கிறது. எழுதியவர் பெயர் என்பது நம் கல்விக்கூடங்களில் எவ்வளவு லேசாகிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் எழுத்துத் திருட்டுக்கு எதிராக விதிமுறை கொண்டுவந்தது. ஒற்றுமை பத்து சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. நாற்பது வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். அறுபது வரை போனால் ஓராண்டு சமர்ப்பிக்கக் கூடாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. தொடர்ச்சியாகப் பதினான்கு சொற்கள் வரை தற்செயலாகப் பொருந்தினால் கணக்கில் வராது. நல்ல நோக்கத்தில் வந்த விதிதான். விளைவு என்னவென்றால், ஆராய்ச்சி மாணவர்கள் இன்று கேட்கும் கேள்வியே மாறிவிட்டது. "சார், எத்தனை பர்சென்ட் வரைக்கும் விடுவாங்க?" என்று கேட்கிறார்கள். எது என்னுடையது, எது பிறருடையது என்று யாரும் கேட்பதில்லை. சொற்களை மாற்றி சதவீதத்தைக் குறைத்துத் தருவதற்கு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். திருடிய கருத்து அப்படியே இருக்க, சொல் மட்டும் மாறுகிறது. ஒழுக்கத்தைச் சதவீதமாக அளக்கத் தொடங்கினால் பத்து சதவீதம் உரிமையாகிவிடும்.

நம் மரபில் இதெல்லாம் குற்றமே இல்லை, 'இது என் எழுத்து' என்ற எண்ணமே மேற்கிலிருந்து வந்தது என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். படித்தவர்களே சொல்கிறார்கள். நான் இதை ஒப்பவில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்கிறார். ஆக்கியவர் பெயர் முதலாவது. அதற்கு அடுத்ததே, அந்த நூல் எந்த நூலின் வழியில் வந்தது என்பது. நூலின் பெயர்கூட அதற்குப் பிறகுதான் வருகிறது. முன்னோரிடமிருந்து எடுப்பதைத் தமிழ் தடுக்கவில்லை. வழிநூல் என்று அதற்கு மதிப்பான இடமே கொடுத்தது. எடுத்த இடத்தைச் சொல் என்பது மட்டுமே நிபந்தனை. கம்பர் அதைச் செய்தார். வடமொழியில் இந்தக் கதையைச் சொன்ன மூவரில் முதலாமவரான வான்மீகியின் வழியில் சொல்கிறேன் என்று பாயிரத்திலேயே வைத்துவிட்டார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டில் தான் என்ன செய்தோம் என்று தெரிந்தவருக்கு அதைச் சொல்லத் தயக்கமில்லை.

இதே திருவனந்தபுரத்தில் ஒருவர் இருந்தார். மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை, 1891-இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். ஐந்து அங்கம் கொண்ட செய்யுள் நாடகம். அதன் கடவுள் வாழ்த்திலிருந்து எடுத்த பகுதியைத்தான் 1970 முதல் தமிழ்நாட்டு அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடுகிறோம். அந்த நாடகத்தின் கதை, லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய 'இரகசிய வழி' என்ற கதைப்பாட்டைத் தழுவியது. இதை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. சுந்தரம் பிள்ளையே முன்னுரையில் எழுதி வைத்தார். அன்றைக்குத் தமிழ் வாசகர்களில் லிட்டனை வாசித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சொன்னார். நூலைத் தன் ஆசிரியர் ராபர்ட் ஹார்விக்குக் காணிக்கையாக்கினார். பேரூர்க்கடையில் தான் வாழ்ந்த இடத்துக்கு ஹார்விபுரம் என்று பெயரிட்டார். வாங்கியதையெல்லாம் வாங்கியது என்று சொல்லிவிட்ட பிறகும் அவர் சிறுத்துப்போகவில்லை. நாற்பத்திரண்டு வயதில் மறைந்த அவர் பெயரில் திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் இருக்கிறது. கடனைச் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று பயப்படும் ஒவ்வொரு மாணவருக்கும் நான் சொல்ல விரும்பும் வரலாறு இது.

உதவி பெறுவதே தவறு என்று நான் சொல்லவில்லை என்பது இதற்குள் விளங்கியிருக்கும். முதல் தலைமுறையாக ஆங்கிலம் எழுதும் ஒருவர், தன் கட்டுரையைத் தெரிந்தவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அம்மாவும் மாமாவும் சாப்பாட்டு மேசையிலேயே திருத்திக் கொடுத்துவிடுகிறார்கள். அதை யாரும் உதவி என்று எண்ணுவதுகூட இல்லை. மற்றவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும். கேள்வி, அந்த உதவி வெளிச்சத்தில் நடக்கிறதா, மறைவில் நடக்கிறதா என்பதுதான்.

இதற்கு நம் ஊரிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. நிலம் வாங்கினால் ஆதாரம், அதாவது பத்திரம், எழுத வேண்டும். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அந்தச் சட்ட மொழி தெரியாது. எல்லையும் சர்வே எண்ணும் உரிமை மாற்றமும் சொல்லி எழுத, உரிமம் பெற்ற ஆதார எழுத்தர் இருக்கிறார். தமிழ்நாட்டில் பத்திர எழுத்தர் என்போம். சொத்து உங்களுடையது, கையெழுத்து உங்களுடையது, எழுத்து அவருடையது. அந்த எழுத்து தன்னுடையது என்று அவர் ஆவணத்தின் அடியில் பெயரையும் உரிம எண்ணையும் எழுதிக் கையொப்பமிடுகிறார். தப்பு வந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவருக்குக் கடிதம் எழுதித் தந்த அந்தக்கால மனு எழுத்தர்களும் வாய்மொழியைக் கேட்டுத்தான் எழுதினார்கள். நடக்காததை எழுதி, கேட்டு வந்தவரின் பெயரில் கொடுத்தால் அது பொய் மனு என்று அவர்களுக்குத் தெரியும். மூன்று சென்ட் நிலத்துக்கான காகிதத்தில் எழுதியவர் பெயர் கட்டாயம். ஒரு மனிதரின் எதிர்காலத்துக்கான காகிதத்தில் எழுதியவர் பெயரை மறைப்பதே தொழிலாக இருக்கிறது. இந்த வேறுபாட்டை நாம் எப்படிப் பொறுத்துக்கொள்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது, என் மனத்தை அதிகம் அரிப்பது அதுதான். இந்தப் பிள்ளைகள் சொந்தக் கதை இல்லாதவர்கள் என்று யார் சொன்னது?

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிப் போகும் சாலைக் கம்போளம், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கியது. அரிசி, பருப்பு, மிளகாய், வெல்லம், பாத்திரம், துணி, பூ என்று இரண்டு நூற்றாண்டுகளாக ஒரு பெரும் வணிகம் அங்கே நடக்கிறது. திருநெல்வேலி, கன்னியாகுமரி வழி வந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ அந்தக் கடைகளில் தலைமுறைகளாக உட்கார்ந்திருக்கின்றன. ஓணத்துக்குப் பத்து நாள் முன்பிருந்து தோவாளைப் பூ வந்து இறங்குகிறது. அத்தப்பூக்களத்துக்கு எவ்வளவு தேவைப்படும், மழை வந்தால் என்ன ஆகும், இன்று மாலைக்குள் விற்காவிட்டால் நாளை அது குப்பை என்பதெல்லாம் கணக்கிட்டுத்தான் ஒருவர் விலை சொல்கிறார். வணிகப் பள்ளியில் கெட்டுப்போகும் சரக்கின் இருப்பு மேலாண்மை என்று அதற்கு ஒரு பாடமே இருக்கிறது.

அந்தத் தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வளர்ந்த ஒரு பெண் எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த மறுநாள், அப்பா யாருக்குக் கடனில் சரக்குக் கொடுத்தார், யாருக்கு இல்லை என்றார்? எதை வைத்து முடிவு செய்தார்? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சிட்டையில் எழுதிக்கொண்டிருந்த கணக்கைக் கணினிக்கு மாற்ற வீட்டில் என்ன சண்டை நடந்தது? 2020 ஜூலை 6 முதல் திருவனந்தபுரம் மாநகரில் மூன்றடுக்கு முழு அடைப்பு வந்து தெருவே மூடிக்கிடந்தபோது, சுமை தூக்கும் தொழிலாளிகளுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? தலைமை, நெருக்கடி, தோல்வி, நம்பிக்கை என்று அந்த விண்ணப்பப் படிவம் கேட்கும் ஒவ்வொன்றும் அவள் வீட்டு முற்றத்தில் நடந்திருக்கிறது. அவளோ, ஐ.டி. நிறுவனத்தில் ஆறு பேர் குழுவை வழிநடத்தித் திட்டத்தைக் காலத்துக்கு முன்பே முடித்ததாக யாரோ எழுதிய கட்டுரையைத் தன் பெயரில் அனுப்புகிறாள். பலசரக்குக் கடையைச் சொன்னால் குறைவாக நினைப்பார்கள் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது பெரிது. வேறொருவரின் எழுத்தை அவள் திருடுவதற்கு முன்பே, அவளுடைய வாழ்க்கை எழுதத் தகுதியற்றது என்று அவளை நம்ப வைத்துவிட்டார்கள். சேர்க்கைக் குழுவில் இருப்பவர் அதே போன்ற ஐ.டி. கட்டுரையை அன்று காலையில் மட்டும் எத்தனை வாசித்திருப்பாரோ. பலசரக்குக் கடைக் கணக்கை அவர் ஒருபோதும் வாசித்திருக்க மாட்டார்.

செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. நம் ஐ.ஐ.எம்.கள் சிலவற்றில் நேர்முகத்தின்போதே தேர்வறையில் உட்கார வைத்துக் கையால் எழுத வைக்கிறார்கள். வெளிநாட்டுப் பள்ளிகளும் இதை ஏதாவது ஒரு வடிவில் ஏற்கலாம். ஆனால் வாசலில் சோதிப்பது கடைசி வேலை. கல்லூரிகள் பட்டப்படிப்பில் மாதம் ஒரு பக்கமாவது, எந்தப் புத்தகத்திலும் விடை இல்லாத கேள்விக்கு மாணவரை எழுத வைக்க வேண்டும்: உங்கள் தெருவில் ஒரு கடை ஏன் மூடப்பட்டது, உங்கள் வீட்டில் கடைசியாக எடுத்த பெரிய முடிவு எது, யார் எடுத்தார். ஆங்கிலம் தடுமாறினால் தமிழிலோ மலையாளத்திலோ எழுதட்டும், பிறகு மொழிபெயர்க்கலாம். பிழையான ஆங்கிலத்துக்காக மதிப்பெண்ணைக் குறைக்காமல் இருக்க ஆசிரியருக்குத் துணிவு வேண்டும். ஆறாம் வகுப்பு ஆசிரியர் 'என் இலட்சியம்' கட்டுரையைக் கரும்பலகையில் எழுதிப் போடாமல் இருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

முகவர்கள் விஷயத்தில் கேரள அரசே முன்கை எடுக்க முடியும். அரசு நிறுவனமான ஒடெபெக் வெளிநாட்டுக் கல்விக்கும் வழிகாட்டுகிறது. தன் வழியாகப் போகும் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும், இதை எழுத உதவியவர் யார், எந்த அளவுக்கு உதவினார் என்று ஒரு வரி இருக்க வேண்டும் என அது தொடங்கி வைக்கலாம். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் அதே வரியில் சொல்லிவிடலாம். தனியார் முகவர்களுக்கு உரிமம் வழங்கும் ஏற்பாடு வரும்போது, ஆதார எழுத்தருக்கு உள்ளதுபோல் பெயரும் எண்ணும் கையொப்பமும் அவர்களுக்கும் கட்டாயமாக வேண்டும். கேட்டு எழுத வைக்கிற நேர்மையான ஆலோசகர் அந்த வரியில் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார். பழைய கட்டுரையில் பெயரை மாற்றித் தருபவர் தயங்குவார். அந்தத் தயக்கத்தைப் பார்த்தே பெற்றோர் யாரிடம் போவது என்று முடிவு செய்துகொள்வார்கள்.